திருப்பிப் பார்த்து வாங்கும் ஊரில் ஒரு சின்ன கார்

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் தோலைத் தரம் பிரிக்கிறவர்களின் கைகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கவேண்டும். ஒரு தோலுக்குச் சில விநாடிகள்தான். மேல்பக்கத்தில் ஒரு தடவல், வெளிச்சத்துக்கு நேரே ஒரு தூக்கல், பிறகு ஒரே புரட்டலில் சதைப்பக்கம். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி ஆழமாக இறங்கிய வெட்டு எல்லாம் அந்தப் புரட்டலில் தெரிந்துவிடும். தோல் எந்தக் கட்டுக்குப் போகும், என்ன விலைக்குப் போகும் என்பது அங்கேயே முடிவாகிறது.

பழுதான தோலை என்ன செய்வார்கள் என்பதும் இந்த ஊர்களுக்குத் தெரியும். உப்புத்தாள் சுற்றிய உருளையில் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து எடுப்பார்கள். அதன்மேல் நிறப்பூச்சு ஏறும். பூச்சுக்கு மேல் இயற்கையான தோலைப் போலவே ரேகைகளை அச்சழுத்துவார்கள். ‘கரெக்டட் கிரெய்ன்’ என்று பெயர் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கும்வரை அதில் தவறு எதுவும் இல்லை.

பழைய கார் சந்தையிலும் அதே உப்புத்தாள்தான். அடிபட்ட கதவை நிமிர்த்தி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, பாலிஷ் ஏற்றினால் எட்டு வருட வண்டி ஷோரூம் வண்டியைப்போல நிற்கும். ஆனால் அதைக் ‘கரெக்டட் கிரெய்ன்’ என்று யாரும் பெயர் சொல்லி விற்பதில்லை. “டாக்டர் ஓட்டின வண்டி பாய், ஒரே ஓனர், ஒரு கோடு இல்ல” என்றுதான் சொல்வார்கள். தோலில் அத்தனை கறாராக இருக்கும் கண்கள் காருக்கு முன்னால் வந்ததும் பளபளப்பிலேயே நின்றுவிடுகின்றன. வேலூர் முதல் வாணியம்பாடி வரையிலான இந்தத் தோல் மண்டலத்தில் முதல் கார் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இருக்கும் பெரிய ஆபத்து அதுதான். புதிய கார் வாங்குகிறவருக்கும் இது பொருந்தும். அங்கே பளபளப்பு பெயின்ட்டில் இல்லை, மாதத் தவணைச் சீட்டில் இருக்கிறது.

செப்டம்பர் 22க்குப் பிறகு

2025 செப்டம்பர் 22 அன்று சின்ன கார்களின் கணக்கே மாறியது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு அதுவரை 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. அன்று முதல் மொத்தமே 18 சதவீதம். மாருதி நிறுவனம் அப்போது அறிவித்த தொடக்க ஷோரூம் விலைகள் இவை: எஸ்-பிரஸ்ஸோ 3.50 லட்சம், ஆல்ட்டோ கே10 3.70 லட்சம், செலேரியோ 4.70 லட்சம், வேகன்-ஆர் 4.99 லட்சம். ஆல்ட்டோவின் சில மாடல்களில் குறைப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ரெனோ க்விட் 4.30 லட்சத்துக்கும், டாடா டியாகோ 4.57 லட்சத்துக்கும் இறங்கின.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஷோரூம் விலை. கையை விட்டுப் போவது ஆன்ரோடு விலை. இரண்டுக்கும் நடுவே முதலில் நிற்பது சாலை வரி. 2023 நவம்பரில் தமிழக அரசு இதை உயர்த்தியது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம். அதற்கு முன்பு பத்து லட்சம் வரை எல்லாவற்றுக்கும் 10 சதவீதம்தான். 3.70 லட்ச ரூபாய் ஆல்ட்டோவுக்கு இந்த வரி மட்டும் 44,000 ரூபாயைத் தாண்டுகிறது.

அடுத்தது இன்சூரன்ஸ். புதிய காருக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்கவேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அது 6,521 ரூபாய், அதற்கு மேலே 1,500 சி.சி. வரை 10,640 ரூபாய், வரி தனி. ஆல்ட்டோ கே10 எஞ்சின் 998 சி.சி., க்விட் 999 சி.சி., டியாகோ 1,199 சி.சி. ஒரு சி.சி., இரண்டு சி.சி. குறைத்து எஞ்சின் செய்திருப்பதன் பலனை வாங்குகிறவர் இந்த இடத்தில் உணரலாம். இதற்கு மேல் சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் வரும். ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விலை விசாரித்துவிட்டுப் பேசினால் அந்த மேஜையிலேயே தொகை இறங்குவதைப் பார்க்கலாம்.

புதிய காரின் விலை இறங்கியபோது பழைய காரின் விலையும் இறங்கியிருக்கவேண்டும். இதைத்தான் பல பேர் கேட்க மறந்துவிடுகிறார்கள். 2022இல் ஐந்து லட்சம் கொடுத்து வாங்கினேன், அதனால் மூன்றே முக்காலுக்குக் குறைய மாட்டேன் என்று விற்பவர் சொல்லலாம். அதே மாடலின் இன்றைய புதிய விலை என்ன என்பதிலிருந்துதான் பேரம் தொடங்கவேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் காருக்கு மதிப்புப் போடும் அட்டவணை ஒன்று இருக்கிறது: ஒரு வருடம் முடிந்து இரண்டுக்குள் என்றால் 20 சதவீதக் கழிவு, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. மாருதி, ஹூண்டாய் வண்டிகள் சந்தையில் இதைவிடக் கூடுதலாகவே போகும். ஆனால் எவ்வளவு கூடுதல், எதற்காகக் கூடுதல் என்று கேட்க இந்த அட்டவணை ஒரு பிடி கொடுக்கிறது.

எட்டாயிரம் ரூபாய்த் தவணை

பழைய கார் என்றால் மலிவு என்ற நம்பிக்கையை ஒரு கணக்குப் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். புதிய காருக்கு 4 லட்ச ரூபாய்க் கடன், வருட வட்டி 9.5 சதவீதம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 8,400 ரூபாய். பழைய காருக்கு வட்டி கூடுதலாகவும் காலம் குறைவாகவும் இருக்கும். 3 லட்ச ரூபாய்க்கு 14 சதவீதம், நான்கு வருடம் என்றால் மாதம் சுமார் 8,200. விலையில் ஒரு லட்சம் குறைவு. தவணையில் இருநூறு ரூபாய்தான் குறைவு. பழைய வண்டி நான்கு வருடத்தில் கடனை முடித்துவிடும் என்பது உண்மை. அந்த நான்கு வருடங்களில் டயர், பேட்டரி, கிளட்ச் என்று அது கேட்கப்போவதும் உண்மை.

ஆகவே பழைய கார், கையில் இருக்கும் பணத்துக்கு வாங்கும்போதுதான் உண்மையில் மலிவு. கடனுக்குத்தான் வாங்கமுடியும் என்றால், இன்றைய விலையில் புதிய ஆல்ட்டோவும் எஸ்-பிரஸ்ஸோவும் நாலைந்து வருடப் பழைய ஸ்விஃப்டைவிட நிதானமான தேர்வு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த ஊர்களில் சம்பளம் ஆர்டரைப் பொறுத்தது. இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதத்தைத் தொட்டபோது ஷூ கம்பெனி சூப்பர்வைசர் முதல் ஜாப்-ஒர்க் யூனிட் நடத்துபவர் வரை எல்லோருடைய மாதக் கணக்கும் ஆட்டம் கண்டது. ஓவர்டைம் இருக்கும் மாதத்து வருமானத்தை வைத்து ஏழு வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போடுவது இங்கே மிகவும் ஆபத்தான வேலை. அதே 4 லட்சத்தை அதே வட்டியில் ஏழு வருடத்துக்கு நீட்டினால் தவணை 6,540க்கு இறங்கும். வட்டி மட்டும் 1.04 லட்சத்திலிருந்து 1.49 லட்சமாக ஏறும். ஐந்து வருடத்தில் கட்டமுடியாத கார், அந்தக் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் ஏற்ற கார் இல்லை.

எந்த ரோட்டில், யாரை ஏற்றிக்கொண்டு

ஆம்பூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு சுமார் 50 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140. பெங்களூரு 200க்குக் கொஞ்சம் மேலே. எல்லாம் தேசிய நெடுஞ்சாலை 48 என்ற ஒரே ரோடு. இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோடு. அதை விட்டு ஆம்பூர் பஜாருக்குள்ளோ, குடியாத்தத்தின் சந்துகளுக்குள்ளோ திரும்பினால் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தாலே நின்றுதான் போகவேண்டும். மே மாத வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும்.

இந்த மூன்றையும், அதாவது லாரி ரோடு, சந்து, வெயில் ஆகியவற்றை வைத்துத்தான் இங்கே காரை எடைபோடவேண்டும். சந்துக்கு ஆல்ட்டோவை மிஞ்சிய வண்டி இல்லை. நீளம் 3,530 மில்லிமீட்டர்தான். வேகன்-ஆர் அதைவிட நீளம், 3,655. ஆனால் அதன் உயரம் 1,675 மில்லிமீட்டர். முட்டிவலி உள்ள பெரியவர்களும், சேலையோ புர்காவோ அணிந்த பெண்களும் குனியாமல் நேராக ஏறி உட்காரலாம். குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போவதற்காகத்தான் கார் என்றால், கூடுதலாகும் சுமார் 1.3 லட்சத்துக்கு வேகன்-ஆர் நியாயம் செய்கிறது. பின்பக்கம் 341 லிட்டர் இடம். ஆல்ட்டோவில் 214. சி.என்.ஜி. மாடல் எடுத்தால் அந்த இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும் என்பதை ஷோரூமில் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யவேண்டும்.

மைலேஜ் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. ஆல்ட்டோ கே10க்கு நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 24.39 கிலோமீட்டர், வேகன்-ஆர் 1 லிட்டர் எஞ்சினுக்கு 24.35. சோதனைச்சாலையின் அந்த எண், ஏ.சி. போட்டு பஜாருக்குள் ஓடும் வண்டிக்கு வராது. 16 முதல் 18 என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது. மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், மூவாயிரம் ரூபாய் பெட்ரோல். அவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர், மைலேஜில் இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் இல்லை.

பேசவேண்டியது பாதுகாப்பு. குளோபல் என்கேப் அமைப்பு 2014 தொடக்கத்தில் வெளியிட்ட மோதல் சோதனையில் ஆல்ட்டோ 800, ஹூண்டாய் ஐ10, நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஏர்பேக் இல்லாத போலோ எல்லாம் பூஜ்ய நட்சத்திரம் வாங்கின. நாடு அதிர்ந்தது. டாடா டியாகோ 2020இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. இரண்டு ஏர்பேக் இருந்த ஆல்ட்டோ கே10 2023இல் இரண்டு நட்சத்திரமும், வேகன்-ஆர் ஒன்றும் வாங்கின. அதன்பிறகு 2025இல் ஆல்ட்டோ கே10க்கு ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வந்துவிட்டது. ஏர்பேக்கின் எண்ணிக்கை கூடுவது நல்லதுதான், ஆனாலும் பெட்டியின் உறுதி வேறு விஷயம். வாரத்துக்கு மூன்று நாள் நெடுஞ்சாலையில் போகிறவர் வீட்டில், விலைப்பட்டியலோடு இந்த நட்சத்திரப் பட்டியலும் மேஜைமேல் இருக்கவேண்டும். அப்படிப் போகிறவருக்கு டியாகோவே மேல். உள்ளூருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆல்ட்டோ போதும்.

பழைய கார் பார்க்கிறவர்கள் பாதுகாப்புக்காக மூன்று தேதிகளை நினைவில் வைக்கவேண்டும். ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் எல்லாப் புதிய வண்டிகளிலும் கட்டாயமானது 2021 டிசம்பர் கடைசியில். 2018இல் வந்த அடிப்படை மாடல் ஆல்ட்டோ ஒன்றில் இவை எதுவுமே இல்லாமல் இருக்கலாம். பெயின்ட் எத்தனை அழகாக இருந்தாலும், நாற்பதாயிரம் ரூபாய் சேமிப்பதற்காக 2019 ஜூலைக்கு முந்தைய அடிப்படை மாடலை வாங்கக்கூடாது.

சதைப்பக்கம்

இனி பழைய வண்டியைத் திருப்பிப் பார்க்கலாம். காலையில், நல்ல வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போகவேண்டும். நாம் போவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு தகவல். அன்றைக்கு வீடு திரும்பிவிட்டு வேறொரு நாள் சொல்லாமல் போகலாம்.

பெயின்ட்டைப் பார்க்காமல், பெயின்ட் முடியும் இடங்களைப் பார்க்கவேண்டும். கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் உள்ளே தகடுகள் சேரும் விளிம்பு தெரியும். தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக, ஒரே இடைவெளியில், வரிசையாக இருக்கும். அந்த வரிசை ஓரிடத்தில் காணாமல் போய் வழவழவென்று இருந்தால் அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பானெட் கீல்களின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் பானெட் ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. மெல்லிய துணியில் சுற்றிய சின்ன காந்தத்தைக் கதவிலும் ஃபெண்டரிலும் நகர்த்திக்கொண்டே போனால் பட்டி தடிமனாக வைத்த இடத்தில் பிடிப்பு விடும். பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் ஒட்டாது, அதைப் பார்த்துப் பதறவேண்டாம். எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்புக் குறியீடு இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேட்கவேண்டும்.

ஒரு கதவு பெயின்ட் பார்த்திருப்பது குற்றம் இல்லை. நம் ஊர் பைக்குகளும் மாட்டு வண்டிகளும் உரசாத கார் எது? பில்லர் எனப்படும் தூண்கள், முன்பக்கச் சேஸிஸ் கொம்புகள், கூரை ஆகிய மூன்றில் கை வைத்திருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்து டிக்கி. கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்து, அது உட்காரும் குழியைத் தடவிப் பார்க்கவேண்டும். எல்லா ஊரிலும் இது முக்கியம், இந்த மண்டலத்தில் இரட்டிப்பு முக்கியம். பச்சைத்தோலைக் கெடாமல் வைக்க உப்புதான் போடுகிறார்கள். உப்புத் தோலை மினி லாரியில்தான் ஏற்றுவார்கள் என்றாலும், சாம்பிள் மூட்டையோ குரோமில் பதனிட்ட ஈரமான ‘வெட் புளூ’ தோல் கட்டோ ஒரு அவசரத்துக்குக் கார் டிக்கியில் ஏறாமல் போகாது. உப்புநீர் கசிந்த தகடு அடியிலிருந்து துரு பிடிக்கும், மேலே கம்பளம் புதிதாக இருக்கும். டேனரியிலோ கெமிக்கல் கடையிலோ ஓடிய வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பார்த்தாகவேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னொரு கவலை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் ஏராளமாக நீரில் நின்றன. 2021 நவம்பரில் பாலாறே கரைபுரண்டு ஓடி நம் ஊர்த் தெருக்களை நனைத்தது. சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி அங்குலம் வரை வெளியே இழுக்கவேண்டும். வண்டி கழுவுகிறவர் அந்தக் கடைசி அரை அடியை எப்போதும் கழுவுவதில்லை. சேற்றுக் கறை அங்கே உட்கார்ந்திருக்கும். சீட்டின் அடித் தண்டவாளத்துத் துருவும், கார்ப்பெட்டின் அடி வாடையும் மிச்சத்தைச் சொல்லிவிடும். மூழ்கிய வண்டியின் ஒயரிங் அடுத்த இரண்டு மழைக்காலத்துக்கும் தொல்லை தரும்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்க்கக்கூடாது. டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க ஆள் இருக்கிறார்கள். 38,000 ஓடிய வண்டி என்கிறார்கள், ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுத்து, ஸ்டியரிங் தோல் பளபளத்து, டிரைவர் சீட் ஒருபக்கம் சரிந்திருந்தால் மீட்டர் சொல்வதை நம்ப இடமில்லை. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்து 23ஆவது வாரம். நான்கு டயரும் மாற்றிய வண்டி 20,000 ஓடியிருக்கிறது என்றால் நம்பமுடியுமா? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, உரிமையாளர் சம்மதத்தோடு பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்கினால் ஒவ்வொரு வருகையிலும் ஓட்டம் எவ்வளவு என்பது பதிவாகியிருக்கும். அந்த ஒரு தாள், புரோக்கரின் பத்து உத்தரவாதத்துக்குச் சமம்.

வேலூருக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. சி.எம்.சி.க்கு மேற்கு வங்கம் முதல் வடகிழக்கு வரை எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். காட்பாடி ஸ்டேஷன், சென்னை ஏர்போர்ட் என்று அவர்களைச் சுமந்து ஓடும் டாக்சிகள் ஏராளம். அப்படி லட்சக்கணக்கில் ஓடிய மஞ்சள் போர்டு வண்டி, வெள்ளை போர்டுக்கு மாறியபின் குடும்ப வண்டியாக விலைக்கு வரும். ஆர்.சி.யில் வண்டியின் வகையையும், முன்பு எதுவாகப் பதிவானது என்பதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவில் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

எஞ்சினுக்கு வந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பின்னால் நிற்கவேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் அடர்ந்த வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் மோர் நுரைபோல் இருந்தாலும் அதே சந்தேகம். பிறகு ஏ.சி. காலை ஏழு மணிக்கு எல்லா ஏ.சி.யும் குளிரும். பகல் ஒரு மணிக்கு, நிற்கும் வண்டியில், நான்கு பேர் உட்கார்ந்து பத்து நிமிடம் ஓடவிட்டால் உண்மை தெரியும்.

டெஸ்ட் டிரைவ் தெருமுனை வரை போய்த் திரும்புவதாக இருக்கக்கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு ஏலகிரி மலை பக்கத்திலேயே இருக்கிறது, 14 கொண்டை ஊசி வளைவுகள். அதில் நான்கு வளைவு ஏறி இறங்கினால் போதும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒருபக்கம் இழுத்தாலோ, வளைவில் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வந்தாலோ மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துக் கூட்டிப்போவது செலவு இல்லை. விற்பவர் கொண்டுவரும் மெக்கானிக் விற்பவரின் ஆள்.

நின்றுபோன பெயர்கள்

மலிவாகக் கிடைக்கும் சில வண்டிகள், செய்த கம்பெனி போய்விட்டதால் மலிவானவை. செவர்லே 2017 கடைசியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தது. டட்சன் 2022இல் விலகியது. இவற்றை மொத்தமாக ஒதுக்கவும் தேவையில்லை. நன்றாகப் பராமரித்த ஃபிகோவின் உடற்கட்டும் ஸ்டியரிங்கும் அதே விலையில் கிடைக்கும் மற்ற பல வண்டிகளைவிட மேலானவை. டட்சன் ரெடிகோவும் க்விட்டும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை என்பதால் சில பாகங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் விளக்கு, பம்பர், கண்ணாடி போன்ற அந்த மாடலுக்கே உரிய பாகங்களுக்கு அலையவேண்டிவரும். ஒரே கார் உள்ள வீட்டுக்கு, வீதி மெக்கானிக்கும் கை வைக்கத் தெரிந்த ஆல்ட்டோ, வேகன்-ஆர், ஐ10 வகைகளே ஏற்றவை.

பத்து வருடத்தைத் தாண்டிய வண்டி பார்க்கிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றின் செலவு தனி. இன்னொன்று பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய வகை எஞ்சின் கார்களில் இதனால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் வருடத் திட்ட அறிக்கையே சொல்லியிருந்தது. ரப்பர் ஹோஸ்களையும் கேஸ்கெட்டுகளையும் பார்த்து மாற்றுவதற்கு ஒரு தொகையை விலையிலேயே கழித்துப் பேசலாம்.

காகிதத்தின் மறுபக்கம்

வண்டி நன்றாக இருந்து காகிதம் கெட்டிருந்தால் வண்டி கெட்டதுதான். டி.என். 23, 73, 83 என்ற உள்ளூர் எண்களுக்கு நடுவே கே.ஏ. எண் வண்டிகளும் இந்தச் சந்தையில் நிறைய. பெங்களூரு வண்டி பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவாகச் சொல்வார்கள். அங்கிருந்து ஃபார்ம் 28 என்னும் என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, இங்கே வயதுக்கேற்ற சாலை வரியையும் கட்டவேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெற அங்கே தனியாக அலையவேண்டும். இத்தனையும் சேர்த்தபிறகும் மலிவா என்று பார்த்துவிட்டுத்தான் ஓசூரைத் தாண்டவேண்டும்.

உள்ளூர் விற்பனைக்கு ஃபார்ம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் பேங்க் தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை (ஹெச்.பி.) கேன்சல் செய்ய ஃபார்ம் 35உம். கடன் எப்போதோ கட்டிமுடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கும்வரை வண்டி பேங்கின் பிடியில்தான். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி., கடன் விவரங்களும், இ-சலான் தளத்தில் நிலுவை அபராதமும் தெரியும். பானெட்டுக்குள் பொறித்த சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டும்.

இங்கே விற்பவர்களுக்கும் ஒரு சொல். வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடும் பழக்கம் இந்தப் பக்கம் பரவலாக இருக்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் கைமாறிக் கைமாறிப் போனபின், விபத்தில் ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் பெயர் முதல் உரிமையாளருடையதாகவே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

வாங்குகிறவர் அதே 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. பிரீமியம் அதற்கேற்பக் கூடும். டீலரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு குழப்பம் வரும். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவின்படி பழைய கார் டீலர் கட்டவேண்டியது 18 சதவீதம்தான், ஆனால் முழு விலைக்கு அல்ல, அவருடைய லாபத்துக்கு மட்டும். இரண்டரை லட்சத்துக்கு வாங்கி 2.80க்கு விற்றால், 30,000 ரூபாய்க்கு வரி 5,400. மொத்த விலைக்கும் 18 சதவீதம் என்று பில் நீட்டினால் அது தவறு. தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

விலை பேசி முடிந்து பணம் கொடுக்கும் நாளில் இரண்டு சின்ன வேலைகள் பாக்கி இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை, பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து மூடும்வரை பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டவேண்டாம். வாங்கியவர் போகும் ஒவ்வொரு பயணத்தின் கட்டணமும் பழைய உரிமையாளர் கணக்கில் கழியும், அல்லது நடுரோட்டில் டேக் செயலிழந்து நிற்கும். இன்னொன்று, இரண்டாவது சாவி. “வீட்டுல எங்கயோ இருக்கு, தேடி அனுப்புறேன்” என்றால், அது வரும்வரை சில ஆயிரம் ரூபாயை நிறுத்திவைத்து, ஒப்பந்தத் தாளில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.